வேலை போனதை வெளியே சொல்லுங்கள்



அண்மைக் காலமாக நம் இதழின் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை கூடிக்கொண்டே போகிறது. சென்ற இதழின் சிறுகதையைப் பாராட்டித் தொடங்கும். நடுவில் அட்டைப்படத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும். கடைசிப் பத்திக்கு வரும்போது கையெழுத்தே சற்றுச் சிறுத்துவிடும். "எனக்கு வயது 52. எட்டு மாதமாக வேலை இல்லை. உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஏதாவது இருந்தால் சொல்ல முடியுமா?"

எழுதுகிறவர்கள் பல ஊர்க்காரர்கள். கோவையில் மில் ஃபிட்டராக இருந்தவர், ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரித்தவர், மருந்துக் கம்பெனி பிரதிநிதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகச் சுற்றியவர், பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். வயது நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில். பென்ஷனுக்கு இன்னும் காலம் இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு முடியவில்லை, வீட்டுக் கடனும் முடியவில்லை.

ஒரு கடிதம் ஓர் அம்மாவிடமிருந்து வந்தது. கணவர் தினமும் காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய் மாலை ஆறரைக்குத் திரும்புகிறார். வேலை போய் மாதக்கணக்காகிவிட்டது என்பது இந்த அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகத்தான் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நூலகத்தின் நாளிதழ்ப் பகுதியில் கணவரைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார். "அவராகச் சொல்கிறவரை நான் கேட்கப்போவதில்லை. வழக்கம்போல் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்புகிறேன்" என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: இன்று இரவே கேளுங்கள், அம்மா. அவர் வேலை போனதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும், உங்கள் தெரு அறிந்திருக்க வேண்டும், அவரோடு வேலை பார்த்த எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை எல்லோருக்குமாக இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பிப் பிழைத்தது. 1930-இல் அந்த ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் என்ற மூன்று ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் அங்கே போய், வேலையில்லாத ஊர் எப்படி வாழ்கிறது என்று பார்த்து 1933-இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். கையில் கடிகாரத்தோடு ஜன்னலுக்குப் பின்னால் நின்று, பெரிய தெருவில் நடப்பவர்களைக்கூடக் கவனித்திருக்கிறார்கள். பெண்கள் விறுவிறுவென்று நடந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் வேலை கிடந்தது. ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். எனக்கு இன்னும் வருத்தம் தந்த தகவல் நூலகத்தைப் பற்றியது. புத்தகம் எடுப்பதற்கான கட்டணத்தையே நீக்கிவிட்டார்கள். படிக்க நேரமோ நிறையக் கிடந்தது. அப்படியும் எடுத்துப் போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. பேசவும் படிக்கவும் நாலு பேரைப் பார்க்கவும் இருந்த மனசும் கூடவே போகிறது. யாரிடமும் சொல்லாமல் இருக்கிறவருக்கு அது இன்னும் வேகமாகப் போகிறது.

வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970-ஐ ஒட்டிய காலத்தில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் ஒரு கேள்வியைத் துருவித் துருவிக் கேட்டார்: இந்த வேலை உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது? பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்த ஒருவர் மூலமாக என்றார்கள். அதில் வியப்பில்லை. அடுத்த கேள்விக்கு வந்த பதில்தான் முக்கியம். அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? வாரம் இரண்டு முறைக்குக் குறையாமல் பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். எப்போதாவது பார்க்கிறவர் என்றவர்கள் பாதிக்கு மேல். வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர் என்றவர்கள் கால் பங்குக்கு மேல்.

யோசித்துப் பார்த்தால் இது நம் அனுபவத்தோடு பொருந்துகிறது. மச்சானுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நம்மேல் அக்கறை அதிகம், ஆனால் நமக்குத் தெரிந்த இடங்கள்தான் அவர்களுக்கும் தெரியும். எப்போதோ ஒரு நாள் சரக்கு இறக்க வந்தவருக்கும் தணிக்கைக்கு வந்துபோனவருக்கும் வேறு இடங்கள், வேறு மனிதர்கள் தெரியும். இருபத்தைந்து வருடம் வேலை பார்த்த ஒருவருக்கு அப்படி எத்தனை முகங்கள் அறிமுகமாகியிருக்கும்! இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிக்கு இல்லாத சொத்து அது. வேலை போனதை மறைக்கிறவர் முதலில் இழப்பது அந்தச் சொத்தைத்தான்.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். வயது 51. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தவர். மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலை 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022 ஜூலையில் கடைசி காரை வெளியே விட்டது நினைவிருக்கும். பெரிய ஆலை மூடினால் செய்தியில் வருகிறது. அதற்கு உதிரிபாகம் கொடுத்த சின்னச் சின்னக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தேய்வது செய்தியில் வருவதில்லை. நண்பருடைய கம்பெனி கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு பாதிப் பேரை நிப்பாட்டியது.

அவர் தன் பயோடேட்டாவைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் தந்தை பெயர், மதம், பத்தாம் வகுப்பு மதிப்பெண், தட்டச்சு லோயர் தேர்ச்சி. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே வரி: ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், 19 ஆண்டுகள். அதற்குக் கீழே, மேற்கண்டவை எல்லாம் உண்மை என்ற உறுதிமொழி.

"நான் வெறும் ஸ்டோர் கீப்பர் சார். எழுதறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

"காலையில உள்ள போனதும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான், காபி ஆறிப்போகும் வரை பேசினார். லாரி வந்து நிற்கும், இன்வாய்ஸையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் ஒப்பிட்டுப் பார்க்கணும், எண்ணி இறக்கிச் சரக்கு வரவுச் சீட்டு போடணும், தரச் சோதனைக்கு மாதிரி அனுப்பணும், பாஸானதை அந்தந்த ரேக்கில் அடுக்கி இருப்பு அட்டையில் ஏற்றணும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகணும். பத்து ரூபாய் ரப்பர் வாஷர் ஒன்று இல்லாமல் உற்பத்தி லைன் நின்றுவிட்டால், கார் கம்பெனி நிமிஷக் கணக்கில் அபராதம் போடும். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். முன்பெல்லாம் வருடக் கடைசியில் இருப்புக் கணக்கு எடுக்க உற்பத்தியையே நிறுத்துவார்களாம். இவர்தான் தினமும் ஒரு ரேக் என்று எண்ணத் தொடங்கி, அந்த நிறுத்தமே தேவையில்லாமல் செய்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். "இத ஏன் எழுதல?" என்றேன். "இதெல்லாம் எழுதுவாங்களா சார்?" என்றார்.

இதெல்லாம்தான் எழுத வேண்டும். புதிய பயோடேட்டா ஒரே தாளில் முடிந்தது. மேலே பெயர், கைபேசி எண், எந்த மாதிரி வேலை தேடுகிறார் என்று ஒரு வரி. அடுத்து, என்னென்ன செய்தார், அதனால் கம்பெனிக்கு என்ன மிச்சமானது. எஸ்.ஏ.பி.யில் பதிவு போடத் தெரியும், டேலி தெரியும், இ-வே பில் எடுக்கத் தெரியும் என்பது. முன்னாள் மேலாளர்கள் இருவரின் பெயர், அவர்களிடம் சொல்லிவிட்டு. மதிப்பெண்ணும் மதமும் உறுதிமொழியும் போயின. வயதை மறைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் வரியில் போட வேண்டியதில்லை, ஆனால் பொய் சொல்லவே கூடாது என்பது என் எண்ணம். ஆதார் அட்டையைக் காட்டும் நாளில் அந்தப் பொய் உங்கள் பத்தொன்பது வருட நாணயத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

அடுத்து, யாரிடமெல்லாம் சொல்வது? அவர் எழுதிய முதல் பட்டியலில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் பெயர்கள்தான் இருந்தன. மச்சான், சித்தப்பா மகன், கூடவே வேலையிழந்த நண்பர்கள். உங்கள் கேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர்களை எல்லாம் நினைத்துப் பாருங்கள் என்றேன். அட்டைப்பெட்டி சப்ளை செய்தவர், டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கிளார்க், ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக், எடைமெஷினுக்கு முத்திரை போட ஏற்பாடு செய்தவர், ஸ்டாக் ஆடிட்டுக்கு வந்த ஆடிட்டர் ஆபீஸ் பையன்கள், லேபிள் அச்சடித்துக் கொடுத்தவர். பட்டியல் பக்கம் தாண்டியது.

அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று சொன்னால் கேட்கிறவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நண்பர் இப்படிச் சொன்னார்: "கம்பெனியில ஆளக் கொறச்சிட்டாங்கண்ணே, என்னையும் நிப்பாட்டிட்டாங்க. ஸ்டோர்ஸ் இல்லைன்னா குடோன் பொறுப்பு பாக்கறேன். தாம்பரத்துலேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும், ரயில்ல போற தூரத்துல. காதுல விழுந்தா ஒரு போன் பண்ணுங்க." என்ன வேலை, எந்தப் பகுதி என்பது இதில் இருக்கிறது. கேட்டவர் மனதில் அது தங்கும். பணம் கேட்கவில்லை, இரக்கம் கேட்கவில்லை. காதில் விழும் ஒரு தகவலைத்தான் கேட்கிறார். அதனால் சொல்கிறவருக்கும் கூச்சமில்லை, கேட்கிறவருக்கும் சங்கடமில்லை.

அதைக் கேட்டுத் திரும்ப அழைத்தவர் அட்டைப்பெட்டிக்காரர். ஒரு மருத்துவமனைக்கு அவர் பெட்டி கொடுக்கப் போனபோது அங்கே ஸ்டோர்ஸில் ஆள் இல்லாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறார். "மருந்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்று நண்பர் தயங்கினார். மருந்தை எழுதிக்கொடுக்க டாக்டர் இருக்கிறார், எடுத்துக்கொடுக்க மருந்தாளுநர் இருக்கிறார். சரக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எப்போது தீரும் என்று சொல்லத்தான் அங்கே ஆள் தேவைப்பட்டது. அதை அவர் ஆயுளெல்லாம் செய்திருக்கிறார். மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த பெரிய வழக்கம் ஒன்று. தொழிற்சாலையில் முதலில் வந்தது முதலில் போகும், மருத்துவமனையில் முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தினமும் வெப்பநிலையைக் குறித்து வைக்க வேண்டும். சம்பளம் பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். அவருக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, இல்லை என்று நான் மழுப்ப விரும்பவில்லை. ஆனால் வேலைக்குள் நின்றுகொண்டு அடுத்த வேலை தேடுவது எளிது. வேலையில்லாமல் ஒரு வருடம் கழிந்தால், அந்த இடைவெளியைப் பற்றித்தான் எல்லா நேர்காணலிலும் கேட்பார்கள்.

நேர்காணல் பற்றிச் சில வார்த்தைகள். எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் பிள்ளையின் வயதில் இருப்பார். வாய் தானாகவே "சொல்லுங்க தம்பி" என்று சொல்ல வரும். வேண்டாம். அங்கே அவர் சார், அவர் மேடம். நாம் பாசமாகத்தான் சொல்கிறோம். அவர் காதில் அது, இவர் நாளைக்கு என் பேச்சைக் கேட்க மாட்டார் என்று விழும். வயதானவர்களைச் சேர்க்கத் தயங்கும் நிர்வாகங்களின் மனதில் இருக்கும் பெரிய பயமே அதுதான். "சின்ன வயசுக்காரருக்குக் கீழே வேலை பார்ப்பீர்களா?" என்று கேட்டால், பார்ப்பேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லி நிறுத்தாமல், முன்பு அப்படி வேலை பார்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். "சம்பளம் குறைவாயிருக்குமே?" என்றால், உங்கள் வீட்டுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு தேவை என்பதை முதல் நாளே மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுப் போய், அந்தத் தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள். பழைய கம்பெனியைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதீர்கள், உண்மையிலேயே அநியாயம் நடந்திருந்தாலும்.

ஒரே முதலாளியிடம் முழுச் சம்பளம் என்பதுதான் வேலை என்று நினைக்கவும் வேண்டியதில்லை. மதுரையில் நம் வாசகர் ஒருவர், ஜவுளிக் கடையில் கணக்கராக இருந்தவர், கடை மூடிய பிறகு நாலு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கெடு என்பதால், சிறு வியாபாரிகளுக்கு அந்த வாரங்களில் தெளிவான ஒரு ஆள் பெரிய நிம்மதி. முழுநேரக் கணக்கர் வைக்க அவர்களுக்குக் கட்டாது, இவருக்கோ நாலு இடமும் சேர்ந்தால் ஒரு சம்பளம் தேறுகிறது. ஒரு கடை கைவிட்டாலும் மற்ற மூன்று இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் மேலாளர், தனியார் பள்ளியில் பேருந்துப் பொறுப்பாளர், கல்யாண மண்டப மேலாளர், ஐ.டி.ஐ.யில் பட்டறைப் பயிற்றுநர் என்று, நரைத்த தலையைப் பார்த்தால் நம்பிக்கை வரும் வேலைகளும் நம்மிடையே உண்டு. இவற்றில் பலவும் விளம்பரத்துக்கே வருவதில்லை. ஒருவர் சொல்லி ஒருவர் போகிற வேலைகள்.

பெண்களுக்கு வயது என்ற சுவர் இன்னும் முன்னாலேயே வந்து நிற்கிறது. நாற்பத்தைந்து வயதில், கணவரின் வேலை போய் அல்லது கணவரே போய், முதல் தடவையாக வேலை தேடும் சகோதரிகள் "எனக்கு அனுபவம் எதுவும் இல்லை" என்று எழுதுகிறார்கள். அவர்களில் பலர் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தவர்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய இயக்கம் அது. தீர்மானப் புத்தகம் எழுதுவது, சேமிப்பும் கடனும் பிசகாமல் கணக்கு வைப்பது, வங்கி மேலாளரிடம் போய்ப் பேசுவது, தவணை கட்டாதவரின் வீட்டுக்குப் போய்ச் சண்டையில்லாமல் வசூலிப்பது என்று பல வருடம் செய்துவிட்டு அனுபவம் இல்லை என்றால் எப்படி? குழுவின் பெயர், ஆண்டுகள், வாங்கித் திருப்பிய வங்கிக் கடன் எவ்வளவு என்று பயோடேட்டாவில் எழுதுங்கள், அம்மா. நிதி நிறுவனங்களின் களப்பணியிலும் பள்ளி, மருத்துவமனை அலுவலகங்களிலும் இந்த அனுபவத்துக்கு மதிப்புண்டு.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். வேலை போன முதல் வாரத்தில் எடுக்கும் முடிவுகள் பல வருடத்துக்குப் பின்தொடர்கின்றன. நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுங்கள், செட்டில்மென்ட் சீக்கிரம் வரும் என்பார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு தொழிற்சங்கத்திலோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்பது சட்டம். ராஜினாமா என்று எழுதிவிட்டால் அந்த இழப்பீடு இல்லை. பணிக்கொடை வேறு. ஐந்தாண்டு முடித்திருந்தால் ராஜினாமா செய்தாலும் அது உங்களுடையது. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் வாங்கி 20 வருடம் வேலை பார்த்தவருக்கு 3 லட்சம் வரும். முப்பது நாளில் தர வேண்டும். கேட்டுப் பெறுங்கள்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்களுக்கு, வேலை இழந்தால் 90 நாள் வரை சராசரி ஊதியத்தில் பாதியைத் தரும் அடல் திட்டம் ஒன்று உண்டு. 2018-இல் தொடங்கி நீட்டிக்கப்பட்டு வந்தது. இப்போதைய நிலையைக் கிளை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பி.எஃப். ஓய்வூதியம் 58 வயதில் வருவது. ஐம்பதிலேயே வாங்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே ஓடாதீர்கள். முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு பிறகு சரியாகாது. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்ற வரம்பில் கணக்கிடுவதால் அந்தத் தொகையே சிறிது. பதினான்கு வருடப் பணிக்கு, வரம்பை முழுதாக எடுத்துக்கொண்டாலும், மாதம் 3,000 ரூபாய்தான். அதையும் வெட்டிக்கொள்ளலாமா?

கையில் செட்டில்மென்ட் பணம் இருப்பது மோசடிக்காரர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை அல்ல. உங்களுக்குச் சம்பளம் தர வேண்டியவர் உங்களிடம் ஏன் பணம் கேட்கிறார்? வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, டெலிகிராமில் லைக் போட்டால் தினமும் ஆயிரம், டீலர்ஷிப் எடுத்தால் மாதம் இவ்வளவு உறுதி என்று வருகிற எதையும் தொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் அவமானம் என்று பேசாமல் இருக்காமல், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

இனி, வேலை தருகிற இடத்தில் இருக்கும் வாசகர்களோடு பேச வேண்டும். நம் இதழைப் படிப்பவர்களில் கடை வைத்திருப்பவர்கள், பட்டறை நடத்துபவர்கள், பள்ளித் தாளாளர்கள், மேலாளர்கள் பலர் இருக்கிறீர்கள். அமெரிக்காவில் நாற்பது வயதைக் கடந்தவரை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967-லேயே சட்டம் வந்தது. ஜப்பானில், எழுபது வயது வரை வேலை வாய்ப்பளிக்க முயல வேண்டும் என்று 2021-இல் முதலாளிகளுக்குச் சட்டமே சொன்னது. நம் நாட்டில் தனியார் துறைக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. தமிழக அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகைக்குக்கூட வயது வரம்பு நாற்பது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் நாற்பத்தைந்து. அதே அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. அறுபது வரை ஒருவர் நன்றாக உழைக்க முடியும் என்று அரசே ஒத்துக்கொண்ட பிறகு, "35 வயதுக்கு மிகாதவர்கள் மட்டும்" என்ற வரியை நாம் ஏன் விளம்பரத்தில் பழக்கத்துக்காகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்? மூட்டை தூக்கும் வேலைக்கு உடல் வலு கேளுங்கள், இரவுப் பணிக்கு இரவில் விழிக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்க வேண்டியது அந்தத் தகுதியை. பிறந்த வருடத்தை அல்ல.

விண்ணப்பிக்கிறவர்களுக்கு இன்னொரு கொடுமையும் நடக்கிறது. வரச் சொல்கிறார்கள், காத்திருக்க வைக்கிறார்கள், "சொல்லி அனுப்பறோம்" என்கிறார்கள், அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. ஐம்பது வயதுக்காரர் வீட்டுக்குப் போய் மகளிடம் என்ன சொல்வார்? இல்லை என்றால் இல்லை என்று இரண்டு வரிக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை, அவர் அடுத்த இடத்துக்கு நடக்கத் தொடங்குவார்.

நம் இதழும் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று ஆசிரியர் குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து நம் வரி விளம்பரப் பகுதியில் மேல்வயது வரம்பு போட்ட வேலை விளம்பரங்களை ஏற்கப்போவதில்லை, சட்டமே வயது வரம்பு விதித்திருக்கும் வேலைகள் தவிர. விளம்பர மேலாளருக்கு இதனால் கொஞ்சம் கவலை. ஆனால் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். கூடவே, நாற்பத்தைந்து வயதைக் கடந்து வேலை தேடும் வாசகர்களுக்காக ஒரு பக்கத்தைக் கட்டணமில்லாமல் ஒதுக்குகிறோம். பெயர் போட விருப்பமில்லாதவர்களுக்கு எண் கொடுத்து, வரும் பதில்களை நாங்களே அனுப்பிவைப்போம்.

அனுப்பும் முறை எளிது. ஓர் அஞ்சலட்டை போதும். என்ன வேலை தெரியும், எத்தனை வருடம் செய்தீர்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை போய்வர முடியும், நீங்கள் செய்ததில் உங்களுக்கே பெருமையாக இருக்கும் ஒரு வேலை எது என்ற நான்கும் அதில் இருக்கட்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் இடம் போதவில்லை என்றால் தனித் தாளில் எழுதுங்கள், நாங்கள் சுருக்கிக்கொள்கிறோம். ஆள் தேவைப்படும் வாசகர்களும் இதழின் முகவரிக்கே எழுதலாம். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் வந்து சேர்பவை அடுத்த இதழில் வரும். அட்டையின் மேல் மூலையில் 'வேலை' என்று எழுத மறக்க வேண்டாம். அப்படி எழுதியிருந்தால் அது மற்ற கடிதக் கட்டுகளுக்குள் போகாமல் நேராக என் மேசைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்